சுருங்கச் செய்தலும் ஓர் அழகே

தமிழில் ‘மடி’ என்னும் சொல் பல பொருள் தருவது. தாயின் மடி, பசுவின் மடி என அன்பையும் வளத்தையும் சுட்டும் அச்சொல்லே சோம்பலையும் சுட்டுகின்றது. வள்ளுவப் பெருந்தகை இப்பொருளை எடுத்துக்கொண்டு ‘மடியின்மை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், அளவிறந்த உறக்கம் ஆகிய நான்கும் கெட்டொழிபவர் விரும்பி ஏறும் மரக்கலம் என்பது அவர்தம் கருத்து. இஸ்லாமும் இதற்கு மாறுபட்டதன்று. இயலாமையினின்றும் சோம்பலினின்றும் தம்மைக் காக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனிடம் இறைஞ்சியதை நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன.

இவ்வளவும் அறிந்திருந்தும் சோம்பலுக்குச் சார்பாக நாம் எழுதப் புகுவது கண்டு மாணவச் செல்வங்கள் மகிழக்கூடும். அவர்தம் பெற்றோர் முகஞ்சுளிக்கக்கூடும். இருதிறத்தாரும் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். உழைப்பைப் போற்றுதல் வேறு. வீண் உழைப்பைப் போற்றுதல் வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணராமையால், வியர்வையைக் கண்டு மெச்சுகிறோம். வேலை முடிந்ததா எனக் காண மறந்துவிடுகிறோம். குறைந்த முயற்சியில் நிறைந்த பயன் காண விழையும் ஒருவகைச் சோம்பல் உண்டு. அஃது இகழத்தக்கதன்று, அன்றாட வாழ்வைச் செம்மைப்படுத்துவது. அதனை எடுத்துரைப்பதும், அதன் எல்லையை வரைவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெறுங்கையோடு நடவாதவர்

நாம் பிறந்து வளர்ந்த அரிமளத்தில் நம் பெரியம்மா ஒருவர் வாழ்ந்தார். எழுத்தறியாதவர், ஆயின் வேலையறிந்தவர். அவர் வீட்டினுள் வெறுங்கையோடு நடந்ததை நாம் கண்டதில்லை. அடுக்களையிலிருந்து கொல்லைக்குச் செல்லும்போது கழுவ வேண்டிய பாத்திரம் கையில் இருக்கும். கொல்லையிலிருந்து மீளும்போது விறகோ, உலர்ந்த துணியோ இடுப்பில் இருக்கும். அடுப்பை நாளொன்றுக்கு இருமுறையே மூட்டுவார். சோறு வெந்து இறங்கியதும் குழம்பு, குழம்பு இறங்கியதும் பால், எஞ்சிய தணலில் குளிக்க வெந்நீர் என ஒரு நெருப்பையே நான்கு வேலைக்கு ஏவுவார். தண்ணீர் எடுக்கப் புறப்படுமுன், அத்தெருவில் எவருக்கேனும் சொல்ல வேண்டிய செய்தி உண்டா, திருப்பித் தர வேண்டிய கைமாற்று அரிசி உண்டா என எண்ணிப் பார்த்த பின்னரே குடத்தைத் தொடுவார்.

இதன் பயன் யாதெனில், லுஹர் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கும் வேளையில் அவர் தம் வேலையனைத்தையும் முடித்து, முற்றத்தின் ஓரத்தில் அமைதியாக அமர்ந்திருப்பார். அண்டை வீடுகளிலோ அப்போதும் புகை எழுந்துகொண்டிருக்கும், பாத்திரங்கள் உருண்டுகொண்டிருக்கும். உறவினர் அவருக்கு அளித்த பட்டம் என்ன தெரியுமா? “நோகாமல் நுங்கு தின்பவள்” என்பதே. அவர் வேலையை முடித்துவிட்டாரா எனக் கேட்டவர் ஒருவரும் இலர். ஏன் அமர்ந்திருக்கிறார் எனக் கேட்டவரே பலர். ஒருநாள் நாமே சிறுபிள்ளைத்தனமாக அதனைக் கேட்டுவிட்டோம். அவர் சினந்தாரில்லை. “ஒரு வேலைக்கு ரெண்டு தடவ நடக்க எனக்குச் சோம்பல் தம்பி. அதான் ஒரு தடவையிலேயே முடிச்சுப்புட்டேன்” என்று கூறிச் சிரித்தார்.

அச்சிரிப்பின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. பின்னாளில் தமிழ் பயின்று, குறளில் ‘வினைசெயல்வகை’ என்னும் அதிகாரத்தை ஊன்றிப் படித்தபோதே விளங்கிற்று. ஒரு வினையைச் செய்யும்போதே அதனைக் கொண்டு மற்றொரு வினையையும் முடித்துக்கொள்வது, ஒரு யானையைக் கொண்டு மற்றொரு யானையைப் பிணித்தல் போன்றது என்பது அங்கு வள்ளுவர் காட்டும் உவமை. ‘மடியின்மை’ பாடிய அதே புலவரே இதனையும் பாடினார் என்பது கருதத்தக்கது. சோம்பலைக் கடிந்த அவர், வீணாய் அலைதலை எங்கும் போற்றினாரல்லர்.

மொழியின் சிக்கனம்

தமிழ்த் துறையினராகிய நமக்கு இவ்வுண்மையை உணர்த்த நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் நாவே சான்று. தஞ்சாவூர் என்பதைத் தஞ்சை என்கிறோம். கோயம்புத்தூரைக் கோவை என்கிறோம். நம் மாவட்டத் தலைநகராம் புதுக்கோட்டையைப் புதுகை என்கிறோம். இலக்கணம் இதனை ‘மரூஉ’ எனப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. ‘என் தந்தை’ என்பது ‘எந்தை’ ஆயிற்று. சோழநாடு ‘சோணாடு’ ஆயிற்று. மொழிநூலார் இதனை முயற்சிச் சிக்கனம் என்பர். நாவின் சோம்பல் என்று நாம் கூறினும் பிழையன்று. வேற்றுமை உருபு மறைந்து நிற்கும் தொகை, வினையெச்சமும் பெயரெச்சமும் சுமந்து செல்லும் நெடுந்தொடர் ஆகிய யாவும் குறைவாகச் சொல்லி நிறைவாக உணர்த்தும் வழிகளேயாம். சொல்லாமலே விளங்குவதைச் சொல்லாது விடும் துணிவு ஒரு மொழிக்கு முதிர்ச்சியினால் வருவது.

எழுத்து வடிவத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளுக்கு முன்னர்த் தனித்தனி வடிவங்கள் இருந்தன. குழந்தைகள் அவற்றைத் தனியே மனனம் செய்தனர். அச்சுக்கோப்போர் அவற்றிற்கெனத் தனி அச்சுகளைத் தேடினர். ஏனைய எழுத்துகளைப் போலவே இவற்றையும் எழுதினால் என்ன என்னும் எளிய வினாவைப் பெரியார் எழுப்பி, 1935-ஆம் ஆண்டு முதல் தம் ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாடு அரசு 1978-ஆம் ஆண்டு அதனை ஏற்றது. அன்று எதிர்த்தோர் கூறிய காரணங்களுள் பழகிப்போன துன்பத்தின்பால் கொண்ட பற்றும் ஒன்று. இன்று எழுதப் பயிலும் எக்குழந்தையும் அப்பழைய வடிவங்களுக்காக ஏங்குவதில்லை.

சுருக்கம் அனைத்தும் நன்றெனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. நன்னூலார் நூலுக்குரிய பத்து அழகுகளைக் கூறுங்கால் ‘சுருங்கச் சொல்லல்’ என்பதை முதலில் வைத்தார். பத்துக் குற்றங்களைக் கூறுங்கால் ‘குன்றக் கூறல்’ என்பதை முதலில் வைத்தார். இரண்டும் சொற்குறைவுதாம். ஒன்றில் சொல் குறைகிறது, பொருள் நிறைகிறது. மற்றொன்றில் சொல்லோடு பொருளும் குறைகிறது. ஆகவே ஒன்று அழகாயிற்று, மற்றொன்று குற்றமாயிற்று. அடுத்து நிற்கும் குற்றமோ ‘மிகைபடக் கூறல்’. சொல்லுக்கு வகுத்த இவ்விலக்கணம் செயலுக்கும் பொருந்தும் என்பது நம் துணிபு. சுருங்கச் செய்தல் அழகு. குன்றச் செய்தல் குற்றம். மிகைபடச் செய்தலும் குற்றமே. நம் சமுதாயம் இவற்றுள் குன்றச் செய்தலை மட்டுமே குற்றமெனக் கண்டு, மிகைபடச் செய்தலைப் பண்பெனப் பாராட்டிவருகிறது. தவறு இங்கேதான் தொடங்குகிறது.

நீரே செய்யும் வேலை

புதுக்கோட்டைச் சீமை வற்றாத ஆறு பாயாத நிலம். வானம் பொழிவதைத் தேக்கி வாழ்ந்த மக்கள் ஆயிரக்கணக்கான கண்மாய்களை வெட்டினர். அவற்றை வெட்டிய முறையிலேதான் முன்னோர்தம் நுண்ணறிவு புலப்படுகிறது. நிலத்தின் சரிவை அளந்து, மேல்கண்மாய் நிறைந்தால் அதன் மிகைநீர் கலிங்கு வழியே அடுத்த கண்மாயை அடையுமாறு தொடராக அமைத்தனர். நீரை இறைக்க ஆளும் வேண்டா, மாடும் வேண்டா. பள்ளம் நோக்கிப் பாய்தல் நீரின் இயல்பு. அவ்வியல்பையே அவர்கள் வேலைக்காரனாக்கிக் கொண்டனர்.

இதனினும் வியப்பூட்டுவது குமிழித் தூம்பு. பழங்கண்மாய்களின் உட்புறத்தே இரு கற்றூண்கள் எழுந்து நிற்பதை இம்மாவட்டத்தில் பலவிடங்களில் காணலாம். தூம்பு அமைத்துக் கொடுத்தோர் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டுகளும் அவற்றுள் சிலவற்றில் உண்டு. தூண்களின் அடியில் கற்பெட்டி போன்றதோர் அமைப்பு. அதில் நீர் செல்ல நீரோடித் துளை, அதன் கீழே சேறு செல்லச் சேறோடித் துளை. அடைப்பைத் தூக்கியதும் நீர் பாயும் விசையிலேயே அடியிற் படிந்த சேறும் உடன் இழுக்கப்பட்டு, கரைக்கு அடியிலுள்ள கால்வாய் வழியே வயலைச் சேரும். நீர் பாய்ச்சும் வேலையும், சேறகற்றும் வேலையும், வயலுக்கு வண்டலூட்டும் வேலையும் ஒரே செயலில் நிறைவேறுகின்றன. யானையால் யானையைப் பிணித்தலுக்கு இதனினும் சிறந்த விளக்கவுரை வேண்டுமோ?

இங்கு ஒன்றை மறத்தலாகாது. இவ்வமைப்பைச் சிந்தித்தோர், பின்னாளில் வரும் உழைப்பைக் குறைக்க முன்னாளில் மிகுதியாக உழைத்தோராவர். ஆண்டுதோறும் ஊர்கூடிக் குடிமராமத்துச் செய்தோருமாவர். அக்குடிமராமத்தை இடைக்காலத்தில் கைவிட்டோமே, அதுதான் மடி. வள்ளுவர் கடிந்த மடி. வரத்துக்கால்கள் தூர்ந்தன, கண்மாய்கள் மேடிட்டன. 2017-ஆம் ஆண்டில் அரசே குடிமராமத்து என்னும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்க வேண்டிய நிலை வந்தது. நல்ல சோம்பல் முன்கூட்டியே உழைத்து ஓய்வைச் சம்பாதிக்கும். தீய சோம்பல் ஓய்வை முதலில் உண்டுவிட்டுக் கடனைப் பின்வருவோர் தலையில் வைக்கும்.

பிறநாட்டார் கண்டது

பொருளியலின் தந்தையெனப் போற்றப்படும் ஆதம் சுமித் 1776-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு சிறுவனைப் பற்றிக் குறிப்பிடுகிறார். நீராவிப் பொறியின் அடைப்பிதழை மாறி மாறித் திறந்து மூடுவது அவன் வேலை. தோழரோடு விளையாட விழைந்த அவன், அடைப்பிதழின் கைப்பிடியைப் பொறியின் மற்றோர் அசையும் உறுப்போடு கயிற்றாற் பிணைத்தான். பொறி தானே திறந்து தானே மூடிக்கொண்டது. இக்கதையின் வரலாற்று உண்மையை அறிஞர் சிலர் ஐயுறுவர். எனினும் கதை சுட்டும் கருத்து ஐயத்திற்கிடமற்றது.

அமெரிக்க நாட்டுப் பிராங்கு கில்பிரத் (1868–1924) கட்டடத் தொழிலிலிருந்து தம் வாழ்வைத் தொடங்கியவர். செங்கல் ஒன்றைப் பதிக்கக் கொத்தனார் 18 அசைவுகள் செய்வதைக் கண்டு, அவற்றை ஏறத்தாழ 5 ஆகக் குறைத்தார். செய்தது மந்திரமன்று. ஒவ்வொரு கல்லுக்கும் தரைவரை குனிந்து நிமிர வேண்டாதபடி கல்லையும் சாந்தையும் இடுப்பளவு உயரத்தில் வைக்கும் சாரத்தை அமைத்தார். அத்தொழிலாளி ஒரு நாளில் எத்துணை ஆயிரம் முறை தன் உடலின் பாரத்தையே வீணாய்த் தூக்கி இறக்கியிருப்பான் என எண்ணிப் பார்த்தால் நம் நெஞ்சம் பதைக்கும். கணினித் துறையிலும், ‘பெர்ல்’ என்னும் நிரல்மொழியைப் படைத்த லாரி வால், நிரலாளர்க்குரிய மூன்று நற்பண்புகளுள் சோம்பலையும் ஒன்றாக வைத்தார். ஒரே வேலையைப் பன்முறை செய்யச் சோம்புவோனே அவ்வேலையைத் தானே செய்துகொள்ளும் நிரலை எழுதுவான் என்பது அதன் கருத்து.

மிதிவண்டி ஏறிய மகளிர்

வெளிநாட்டுச் சான்றுகளை விஞ்சும் ஒன்று நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் முனைப்புற்றது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாக மகளிர்க்கு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். எழுத்தோடு சக்கரமும் வந்தது. 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் அணிவகுத்துப் புதுக்கோட்டை நகரை வியப்பில் ஆழ்த்தினர். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பயின்றதாக இதழாளர் பி. சாய்நாத் தம் கட்டுரையில் பதிவு செய்துள்ளார்; அது 1996-இல் வெளிவந்த அவர்தம் நூலிலும் இடம்பெற்றது. அப்பெண்களுள் இஸ்லாமியப் பெண்களும் இருந்தனர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

அப்பெண்கள் பெற்றது என்ன? பேருந்துக்குக் காத்திருந்த மணிகள் மிஞ்சின. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும், குடத்தைச் சுமக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் தந்தையையோ கணவரையோ மகனையோ எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலை தளர்ந்தது. ஒரு பயணத்தில் மூன்று வேலை முடிந்தது. அக்காலத்தில் அவர்களை ஏளனம் செய்தோரும் பலர். “நடந்துபோகச் சோம்பல்; ஊர் சுற்ற ஆசை” என்று பேசிய திண்ணைப் பேச்சை நாமும் சிறுவராயிருந்தபோது கேட்டிருக்கிறோம். பேசியோர் அனைவரும் திண்ணையில் அமர்ந்திருந்தோர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அமர்ந்திருக்கும் ஆடவரின் ஓய்வு உரிமையாகக் கொள்ளப்படுகிறது. அமர்ந்திருக்கும் பெண்ணின் ஓய்வு சோம்பலாகக் கொள்ளப்படுகிறது. இந்த அநீதியை நாம் பிறர்மேல் மட்டும் சாற்றித் தப்பிக்க இயலாது. மாவரைக்கும் மின்பொறி 1955-ஆம் ஆண்டளவில் கோவையில் பி. சபாபதி என்பாரால் உருவாக்கப்பட்டது. அது பல வீடுகளுக்கும் வந்த பின்னரும் நம் வீட்டிற்கு வரவில்லை. ஆட்டுக்கல்லில் அரைத்த மாவிற்குத்தான் ருசி என்பது நம் அத்தாவின் உறுதியான முடிவு. நம் தாயார் தோள்வலியால் இரவில் உறங்காது புரண்ட நாள்களிலும் நாம் அத்தாவின் பக்கமே நின்றோம். “அம்மாவுக்கு வேலை செய்ய அலுப்பு” என்று ஒருமுறை சொல்லியும்விட்டோம். அவ்வாட்டுக்கல்லின் குழவியை நாம் ஒருநாளும் சுற்றியதில்லை. இட்டிலியின் ருசி நமக்கு. அந்த ருசியின் விலை அவர் தோளுக்கு. பின்னர் 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, மக்களைச் சோம்பேறிகளாக்கும் திட்டம் எனச் சிலர் எழுதினர். எழுதியோருள் எத்துணைப் பேர் மாவரைத்திருப்பர் என்னும் வினா நம் உள்ளத்தில் எழுந்தது. உடனே அவ்வினா நம்மையே சுட்டது.

நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு இவ்விடத்து நினைக்கத்தக்கது. அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள். வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்குத் துணைநின்றார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். தம் ஓய்வைப் பிறர் முதுகில் ஏற்றாத பெருவாழ்வு அது. மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. தொழுகையில் நின்று தளர்ந்தால் பற்றிக்கொள்வதற்காக அன்னை ஸைனப் (ரலி) கட்டியது என அறிந்ததும், அதனை அவிழ்த்துவிடுமாறு நாயகம் (ஸல்) கூறினார்கள். ஊக்கம் உள்ளவரை தொழுதுவிட்டு, தளர்ந்தால் அமர்ந்துகொள்ளுமாறு அறிவுறுத்தினார்கள். வணக்கத்திலேயே வீண் வருத்தத்தை விரும்பாத மார்க்கம், அடுக்களையில் அதனை விரும்புமோ? எளிதாக்குங்கள், கடினமாக்காதீர்கள் என்னும் கருத்துடைய நபிமொழி நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. நம் வீடுகளில் ஒலிக்க வேண்டாவா?

மூன்று வினாக்கள்

இனி, நல்ல சோம்பல் எது, போலிச் சோம்பல் எது என எவ்வாறு பகுத்தறிவது? மூன்று வினாக்களைக் கேட்டால் போதும் என்பது நம் கருத்து.

முதலாவது: நாம் குறைத்த உழைப்பு மறைந்ததா, பிறர் தலைக்கு மாறியதா? மாறியிருப்பின் அது செம்மையன்று, சுரண்டல். தாம் உண்ட தட்டைத் தாமே கழுவாமையால் ஒருவர்க்கு மிஞ்சும் சில நிமிடங்கள் அவர்தம் திறமையால் மிஞ்சியவை அல்ல. மனைவியிடமிருந்தோ தாயிடமிருந்தோ பறித்தவை.

இரண்டாவது: இன்று குறைந்த உழைப்பு நாளை பெருகி வருமா? அரிமளத்தைச் சுற்றிலும் வளர்ந்துள்ள தைலமரக் காடுகளை இதற்குச் சான்றாக்கலாம். தைலமரம் சோம்பேறிக்கு உகந்த மரம். நட்டுவிட்டால் நீரூற்ற வேண்டா, ஆடுமாடு மேயாது, வெட்டினால் அடிக்கட்டையினின்று மீண்டும் தழைக்கும், காகித ஆலைக்கு விலையாகும். கணக்கேட்டில் இதனினும் திறமான வேளாண்மை வேறில்லை. ஆயினும் அம்மரங்கள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன என்றும், தோட்டங்களுக்குள் எழுப்பிய வரப்புகள் மழைநீரைக் கண்மாய்க்குச் செல்லவிடாது தடுக்கின்றன என்றும் கூறி, அவற்றை அகற்றி நாட்டு மரங்களை வளர்க்குமாறு இப்பகுதி மக்கள் போராடிவருகின்றனர். முன்னோர் நீரின் இயல்பை வேலைக்காரனாக்கினர். நாமோ நம் எளிமைக்காக நீரின் வழியையே அடைத்தோம். இருவரும் உழைப்பைக் குறைத்தோரே. ஒருவர் விட்டுச்சென்றது கண்மாய். மற்றவர் விட்டுச்செல்வது வறண்ட கிணறு.

மூன்றாவது: நாம் குறைக்கும் உழைப்பு பயனுக்குச் செல்லும் வழியா, அன்றி அவ்வுழைப்பே பயனா? இவ்வினா மாணவர்க்கு மிகவும் இன்றியமையாதது. பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக்கொள்ள மார்க்கம் இசைவளிக்கிறது. தொழுகையை விட்டுவிட இசைவளிப்பதில்லை. கற்றலும் அத்தகையதே. முன்னர் வினா-விடை ஏடுகளை உருப்போட்டுத் தேர்வெழுதியோரைக் கண்டோம். இன்று செயற்கை நுண்ணறிவிடம் தலைப்பைக் கொடுத்து, அது தரும் கட்டுரையைத் தம் பெயரில் ஒப்படைப்போரைக் காண்கிறோம். “கருவியைப் பயன்படுத்தினால் என்ன ஐயா? நீங்கள்தாமே வீண் உழைப்புக் கூடாது என்கிறீர்கள்?” என ஒரு மாணவர் நம்மிடமே வினவினார். நன்கு வினவினார். மாவு வேண்டியவர் பொறியில் அரைத்துக்கொள்ளலாம். ஏனெனில் அவருக்கு வேண்டுவது மாவு. கட்டுரை எழுதப் பணிக்கும் ஆசிரியருக்கு வேண்டுவது கட்டுரையன்று. அதனை எழுதுங்கால் மாணவர் உள்ளத்தில் நிகழும் சிந்தனையே அவருக்கு வேண்டுவது. தமக்காகப் பிறரை உண்ணச் சொல்லிவிட்டுத் தம் பசி தீருமென எதிர்பார்ப்பவர் உண்டோ? ஆயினும் பிழை திருத்தவும், சொல்லடைவு தேடவும், பக்க எண் இடவும் கருவியை ஏவுங்கள், நாம் தடுக்கவில்லை. அங்கே மிஞ்சும் காலத்தை இன்னுமொரு பாடலைப் படிக்கச் செலவிடுங்கள்.

நம் பணியிடத்து ஒரு பாடம்

ஆசிரியராகிய நாமும் இப்பாடத்திற்குப் புறம்பானோர் அல்லேம். முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், மாணவர்தம் அகமதிப்பெண்களை மூன்று படிவங்களில் தனித்தனியே கையால் எழுதி ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது. நாம் இரவு நெடுநேரம் விழித்திருந்து அழகிய கையெழுத்தில் எழுதினோம். கூட்டலை இருமுறை சரிபார்த்தோம். நம் கடமையுணர்வை நாமே மெச்சிக்கொண்டோம். உடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் ஒருபோதும் அவ்வாறு விழித்ததில்லை. மதிப்பெண்களைக் கணினியில் ஒருமுறை பதிந்தார். கூட்டலை அதுவே செய்தது. மூன்று படிவங்களையும் அதுவே அச்சிட்டது. துறையில் அவருக்குச் சோம்பேறி என்னும் பெயரே நிலவியது. ஒருமுறை நம் மூன்று படிவங்களும் ஒன்றோடொன்று மாறுபட்டன. ஒரு மாணவரின் மதிப்பெண் ஒரு படிவத்தில் 18 ஆகவும், மற்றொன்றில் 13 ஆகவும் இருந்தது. அம்மாணவர் தம் ஐந்து மதிப்பெண்ணுக்காக இரு வாரம் அலைந்தார். நம் நண்பரின் மாணவர் எவரும் அவ்வாறு அலைந்ததில்லை. நம் உழைப்பு நம்மை மகிழ்வித்தது. அவர் சோம்பலோ மாணவரைக் காத்தது. அன்று நாம் நாணினோம்.

மிகைபடச் செய்தல் எவ்வாறு பிறர்க்குத் தீங்காகும் என்பதை அன்றுதான் கண்டோம். ஒரு வேலை பன்முறை செய்யப்படுமாயின் பிழையும் பன்முறை நுழையும். மேலும், வீண் வேலையில் களைத்த ஆசிரியர் மறுநாள் வகுப்பில் எரிந்துவிழுவார். களைத்த தாய் பிள்ளையிடம் சினப்பார். களைத்த எழுத்தர் ஏழையின் மனுவை நாளைக்கு ஒதுக்குவார். ஒருவர் மிச்சப்படுத்தும் முயற்சி அவரோடு நின்றுவிடுவதன்று. அவரை நாடி வருவோர்க்குப் பொறுமையாகவும் புன்னகையாகவும் சென்று சேர்கிறது.

முடிவாக

ஒரு வினையின் முயற்சியையும், இடையூற்றையும், முடிந்தபின் எய்தும் பயனையும் ஆராய்ந்தே செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. அந்நெறி நின்று, செய்யும் ஒவ்வொரு வேலையையும் கண்டு, “இஃது ஏன் இத்துணை நீள்கிறது? இதனை ஒருமுறையில் முடித்தல் ஒல்லுமோ?” என வினவும் மனத்தையே நாம் நல்ல சோம்பல் என்கிறோம். அம்மனம் வாய்க்கப்பெற்றோரைச் சோம்பேறி என இகழாதீர்கள். குறிப்பாக, வேலை முடித்து அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணைக் காணும்போது அவ்வாறு எண்ணாதீர்கள்.

நம் பெரியம்மா மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அவர் அமர்ந்திருந்த முற்றத்து ஓரம் இன்றும் அரிமளத்தில் இருக்கிறது. விடுமுறையில் ஊர் செல்லும்போது நாம் அங்கே சற்றே அமர்வதுண்டு. உண்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் அமர்கிறோம். மாணவச் செல்வங்களும் தத்தம் இல்லங்களில் அதனைத் தொடங்குவார்களாக. கொல்லைக்குச் செல்லும்போது கையில் ஒரு பாத்திரத்தை எடுத்துச் செல்லுங்கள். அங்கிருந்து மீளும்போது வெறுங்கையோடு மீளாதீர்கள்.